இருவீர் வேறல்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் வீட்டுக்காக நானும் அக்காவும் நான்கு வருடங்களாக வழக்காடுகிறோம். கோர்ட் இப்போது எங்களை மத்தியஸ்தத்துக்கு அனுப்பியிருக்கிறது. ‘இரண்டு தடவை போய் உட்கார்ந்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடுங்கள், கேஸ் நமக்குச் சாதகம்’ என்கிறார் வக்கீல். முன்பு பெரியப்பா ஒருமுறை மத்தியஸ்தம் பேசி, ஆளுக்குப் பாதி என்று சொல்லி, இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார். எனக்கு மூன்று சந்தேகங்கள். மத்தியஸ்தத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் என்ன வித்தியாசம்? அங்கே நான் பேசுவதை நாளைக்குக் கோர்ட்டில் எனக்கு எதிராகக் காட்ட முடியுமா? ஜெயிக்கிற கேஸை வைத்துக்கொண்டு பேசப் போவது பலவீனம் இல்லையா? அக்கா எனக்குச் செய்ததையெல்லாம் பதினொரு பக்கத்துக்குத் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். படித்துவிட்டு, நியாயம் யார் பக்கம் என்று சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

நியாயம் யார் பக்கம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் அக்காவின் பதினொரு பக்கம் என்னிடம் இல்லை.

இரண்டாவது சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த அறையில் பேசுவது அந்த அறையோடு போக வேண்டும் என்பதுதான் மத்தியஸ்தத்தின் அடிப்படை, பல நாடுகளின் சட்டமும் அதைக் காக்கிறது. விதிவிலக்குகளை வக்கீலிடம் கேளுங்கள். பலவீனம் பற்றிய மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடையாது. நாற்பது வயதைத் தாண்டியவர் கேட்கிற கேள்வியா அது?

முதல் கேள்வியில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. நடுவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்வார், நீங்கள் கட்டுப்பட வேண்டும். மத்தியஸ்தருக்குத் தீர்ப்பு சொல்லும் அதிகாரமே இல்லை. பாதியில் எழுந்து போனால் அவர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுக்க முடியாது. உங்கள் பெரியப்பா செய்தது மத்தியஸ்தம் என்று பெயர் சூட்டிய தீர்ப்பு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அதே முட்டாள்தனத்தை நானும் செய்திருக்கிறேன்.

என் நண்பர்கள் இருவர் கூட்டாக ஒரு சின்ன அச்சகம் நடத்தினார்கள். கணினி வருவதற்கு முந்தைய காலம். ஒரு ட்ரெடில் மெஷின், சுவரோரம் ஈய எழுத்துகள் நிறைந்த தட்டுகள், எங்கே கை வைத்தாலும் மை. இருவருக்கும் பேச்சு நின்றுபோய், என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அரை மணி நேரத்தில் முடித்துவைத்தேன். மதிப்புப் போட்டுப் பார்த்ததில் மெஷினும் எழுத்துகளும் ஏறக்குறைய ஒரே விலை. ஆகவே மெஷின் இவனுக்கு, எழுத்துகள் அவனுக்கு. என்ன ஒரு சமநீதி! வீடு வரைக்கும் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டு நடந்தேன்.

எழுத்து இல்லாத மெஷினில் வெற்றுத்தாளைத்தான் ஓட்டலாம். மெஷின் இல்லாத ஈயம் எடைக்குத்தான் போகும். ஒரே வாரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள். அந்த அளவில் அவர்களை ஒன்றுசேர்த்தேன் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

முடித்துவைத்தது அங்கே அச்சுக்கோர்த்துக்கொண்டிருந்த அம்மா. தட்டிலிருந்து எழுத்தைப் பொறுக்கும் விரல் நிற்காமல், நிமிர்ந்தும் பார்க்காமல், ஒருவனிடம் கேட்டார்: “அண்ணே, உங்களுக்கு இந்தத் தொழில் பிடிச்சிருக்கா?” அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, இல்லை என்றான். பிடிக்கவே இல்லையாம், போட்ட பணம் திரும்பினால் போதுமாம். மறுநாள் அதே கேள்வி, அடுத்தவன் தனியாக இருந்தபோது. அவனுக்கு அச்சகத்தை விட்டால் வேறு போக்கில்லை என்ற பயம். எல்லாவற்றையும் அவனே வைத்துக்கொண்டு, முதலாமவனுக்குத் தவணையில் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தான். அந்த அம்மா நடுநிலையாளர் ஒன்றும் அல்ல. அச்சகம் உடைந்தால் அவர் வேலை போய்விடும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் துளியும் இல்லாததால்தான் அவரால் கேட்க முடிந்தது, எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

இது அச்சகத்தோடு முடிகிற விஷயமல்ல. தென்னமெரிக்காவின் தென்கோடியில் பீகிள் கால்வாயின் வாயில் பிக்டன், நுயேவா, லென்னாக்ஸ் என்று மூன்று குட்டித் தீவுகள். சிலியும் அர்ஜென்டினாவும் அவற்றுக்காக நெடுங்காலம் மல்லுக்கட்டின. 1971இல் பிரிட்டிஷ் அரசியின் பெயரில் நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டன. விசாரித்த ஐவரும் சர்வதேச நீதிமன்ற நீதிபதிகள். 1977இல் தீர்ப்பு வந்தது, தீவுகள் சிலிக்கு. அடுத்த ஜனவரியில், தீர்ப்பே செல்லாது என்றது அர்ஜென்டினா. 1978 டிசம்பரில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. கடைசி நேரத்தில் போப் இரண்டாம் ஜான் பால் தலையிட்டு, கர்தினால் அந்தோனியோ சமோரே என்ற முதியவரை அனுப்பினார். 1979 ஜனவரி 8இல், படைபலத்தை நாட மாட்டோம் என்று இரு தரப்பும் மாண்டிவிடியோவில் கையெழுத்திட்டன. அதற்குப் பிறகு ஆறு வருடப் பேச்சு. 1984 நவம்பர் 29இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. சமோரே அதைப் பார்க்கவில்லை, முந்தைய வருடமே இறந்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் தீவுகள் யாருக்கு? அதே சிலிக்குத்தான். நீதிபதிகள் கொடுத்ததையேதான் கொடுத்தார்கள். ஆனால் சிலிக்குத் தீவு பெரிது, அர்ஜென்டினாவுக்கோ அட்லாண்டிக் பக்கம் சிலி நுழைந்துவிடக் கூடாது என்பது பெரிது. தீவு யாருக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் வரை ஒருவர் முழுக்கத் தோற்றாக வேண்டும். நிலத்தையும் கடலையும் வெவ்வேறாக எடுத்துப் பேசியதும் அர்ஜென்டினாவுக்கும் கையில் ஒன்று மிஞ்சியது, கடல்.

உடனே ‘இருவருக்கும் வெற்றி’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். மத்தியஸ்தம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் இந்த வாசகத்தைத்தான் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். எனக்குக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அது சரக்கு விற்கிறவர் பேச்சு. நம் மொழியில் இதைப் பற்றி நேராகப் பேசியவர் சங்கப் புலவர் கோவூர் கிழார். சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே கோட்டையை அடைத்துக்கொண்டு நெடுங்கிள்ளி. அவனும் சோழன். புறநானூற்றின் 45ஆம் பாட்டில் புலவர் சொல்கிறார்: உன்னோடு மோதுகிறவன் பனந்தோடு சூடிய சேரன் இல்லை, வேம்பு சூடிய பாண்டியனும் இல்லை. நீ சூடியிருப்பதும் ஆத்தி, அவன் சூடியிருப்பதும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. அடுத்து வருகிறது அந்த வரி: ‘இருவீர் வேறல் இயற்கையும் அன்றே’. இருவரும் ஜெயிப்பது நடக்கிற காரியமா என்கிறார். வெற்றி என்று ஒரு ஆசையைக் காட்டி அவர் யாரையும் இழுக்கவில்லை. உங்கள் சண்டையைப் பார்த்து மற்ற வேந்தர்கள் உடம்பெல்லாம் பூரித்து மகிழ்வார்கள் என்று முடிக்கிறார். உங்கள் கேஸில் அந்த வேந்தர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடமாக அவர்களுக்கு ஃபீஸ் கட்டுகிறீர்கள்.

முந்தைய 44ஆம் பாட்டையும் பாருங்கள். அது ஆவூர் முற்றுகை. அங்கே அடைபட்ட நெடுங்கிள்ளியிடம் மட்டும் பேசுகிறார், குரலே வேறு. பாலில்லாமல் குழந்தைகள் அலறுகின்றன, நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாய். அறம் என்றால் ‘உன்னுடையது’ என்று சொல்லித் திற, மறம் என்றால் போருக்குத் திற. இரண்டும் இல்லாமல் ஒளிந்திருப்பது வெட்கக்கேடு என்கிறார். இருவரையும் வைத்துப் பேசும்போது ஒரு குரல், தனியே பேசும்போது ஒரு குரல். இன்றைய மத்தியஸ்தர்கள் ஒவ்வொரு தரப்பையும் தனி அறையில் சந்திப்பதும் இதற்குத்தான். எல்லோர் முன்னாலும் சொல்ல முடியாத திட்டு என்று ஒன்று இருக்கிறது. எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள முடியாத ஆசை என்றும் ஒன்று இருக்கிறது.

அவர் பேசியதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்று கேட்பீர்கள். நெடுங்கிள்ளிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட அடைமொழி ‘காரியாற்றுத் துஞ்சிய’. காரியாறு என்ற இடத்தில் இறந்த என்று பொருள். கோவூர் கிழார் மந்திரவாதி இல்லை.

உங்கள் பதினொரு பக்கத்துக்கு வருகிறேன். முழுக்கப் படித்தேன். பாதிக்கு மேல் யாருக்கும் தேவையில்லாதது. சைக்கிள் விவகாரம் நடந்தபோது உங்கள் அக்காவுக்குப் பதினாறு வயது, விடுங்கள். மற்ற எல்லாப் பக்கத்திலும் அக்கா என்ன செய்தார் என்றுதான் இருக்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே இடத்தில்தான் வருகிறது. ஏழாம் பக்கத்தின் அடியில், அதுவும் அடைப்புக்குறிக்குள்: ‘மாடி அறையும் தனிப் படிக்கட்டும் கொடுத்திருந்தால் நான் அப்போதே பேசாமல் இருந்திருப்பேன்’.

இதை வக்கீலிடம் சொல்லியிருக்கிறீர்களா? அக்காவிடம்?

அந்த ஒரு வரியை மட்டும் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். மீதியை வீட்டில் வைத்துவிடுங்கள். அக்காவைத் தனி அறைக்குக் கூப்பிட்டு நெடுநேரம் பேசுகிறார்களே என்று வெளியில் உட்கார்ந்து பொருமாதீர்கள், அவரிடமும் ஒரு ஏழாம் பக்கம் இருக்கும். போய்விட்டு வந்து எழுதுங்கள். பெரியப்பாவைப் பற்றி வேண்டாம்.