இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்காக வீட்டுக் கடனைக் கூட்டலாமா?

கேள்வி: வீட்டின் பழைய ஜன்னல்கள் அனைத்தையும் மாற்றவிருக்கிறோம். மொத்தப் பரப்பு சுமார் 12 சதுர மீட்டர். ஒற்றைக் கண்ணாடி என்றால் கையிருப்பே போதும். இரட்டைக் கண்ணாடி என்றால் வீட்டுக் கடனில் டாப்-அப் (இருக்கும் கடனோடு சேர்த்துத் தரும் கூடுதல் கடன்) வாங்க வேண்டியிருக்கும். கோடையில் ஐந்து மாதங்கள், இரவில் எட்டு மணி நேரம், இரண்டு படுக்கையறைகளில் ஏசி ஓடும். அந்த இரண்டு அறைகளின் ஜன்னல்கள் மட்டும் 5 சதுர மீட்டர். அவற்றில் ஓர் அறை சாலையை ஒட்டியிருப்பதால் இரைச்சலும் அதிகம். மிச்சமாகும் மின்கட்டணத்திலேயே கடன் அடைந்துவிடும் என்று ஜன்னல் விற்பவர் சொல்கிறார். அதை நம்பி இறங்கலாமா?

பதில்: கடன் வாங்கி எல்லா ஜன்னல்களுக்கும் இரட்டைக் கண்ணாடி போட வேண்டாம் என்பதே என் கருத்து. இரட்டைக் கண்ணாடி நல்ல பொருள்தான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் பயன்பாட்டில் அது கடனை அடைக்கும் அளவுக்கு மிச்சம் தராது.

வெளியிலும் உள்ளேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் ஜன்னல் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கிறது என்பதைத்தான் 'யு மதிப்பு' என்கிறார்கள். சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 5.8, இடையில் 12 மில்லிமீட்டர் காற்றிடைவெளி உள்ள இரட்டைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 2.8. ஆகவே வெப்பம் பாதியாகக் குறையும் என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் எதில் பாதி என்பதை அவர் சொல்வதில்லை.

ஏசி ஓடும் அறைகளின் 5 சதுர மீட்டரை மட்டும் எடுத்துக்கொள்வோம். உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், இரட்டைக் கண்ணாடி தடுக்கும் கூடுதல் வெப்பம் 150 வாட். ஏசி ஒரு பங்கு மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய மூன்று பங்கு வெப்பத்தை வெளியேற்றிவிடும் என்பதால், மின்சாரத்தில் மிச்சம் 50 வாட்தான். எட்டு மணி நேரத்துக்கு 0.4 யூனிட், 150 இரவுகளுக்கு 60 யூனிட். இரவில் 10 டிகிரி வித்தியாசம் நீடிப்பது அரிது என்பதால், இதுவும் இரட்டைக் கண்ணாடிக்குச் சாதகமான கணக்கே. வெப்பக் கதிர்களைத் திருப்பியனுப்பும் மெல்லிய லோ-இ பூச்சும், காற்றுக்குப் பதிலாக இடைவெளியில் நிரப்பும் ஆர்கான் வாயுவும் சேர்ந்து யு மதிப்பு 1.4 வரை இறங்கினாலும், ஆண்டு மிச்சம் 90 யூனிட்டைத் தாண்டாது. ஏசி இல்லாத மீதி 7 சதுர மீட்டரில் மின்கட்டண மிச்சம் என்று ஏதும் இல்லை.

குளிர் நாட்டில் இதே கணக்கு தலைகீழாகும். 20 டிகிரி வித்தியாசத்தில், 12 சதுர மீட்டருக்கும், நாள் முழுவதும், ஐந்து மாதங்கள் வீட்டைச் சூடாக்க வேண்டியிருந்தால் தடுக்கப்படும் வெப்பம் ஏறத்தாழ 2,600 யூனிட். அங்கே இரட்டைக் கண்ணாடி வேண்டுமா என்ற கேள்வியே எழாது.

அடுத்தது வட்டி. இரண்டு கொட்டேஷன்களின் மொத்தத் தொகையைப் பார்க்காமல், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அதுதான் உண்மையில் நீங்கள் முதலீடு செய்யும் பணம். அந்த வித்தியாசம் 100 என்றும், ஆண்டுக்கு 12 மிச்சமாகிறது என்றும் வைத்துக்கொண்டால், எட்டு ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் அதே 100 ஐ 9 விழுக்காடு வட்டிக்கு வாங்கியிருந்தால், முதல் ஆண்டின் 12 இல் 9 வட்டிக்கே போய்விடும். அசலில் 3 தான் குறையும். கடன் முழுவதும் தீர 16 ஆண்டுகள் ஆகும். ஆண்டு மிச்சம் 9 க்கும் கீழே இருந்தால், மின்கட்டணம் உயர்ந்தாலொழிய, அந்தக் கடன் மிச்சத்தால் ஒருநாளும் தீராது. வித்தியாசத் தொகைக்கு ஓராண்டு வட்டி எவ்வளவு என்று வங்கியில் கேட்டு, 60 யூனிட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் முடிவு தெளிவாகிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஓரத்தில் ஓடும் சட்டத்துக்குள் ஈரம் உறிஞ்சும் மணிகள் இருக்கும். அதைச் சுற்றிலும் சீலன்ட் பூசியிருக்கும். அந்தப் பூச்சு ஒருநாள் விட்டுப்போனால் உள்ளே ஆவி படியும். அதைத் துடைக்க வழியில்லை, கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும். எனவே எந்த ஜன்னலுக்கு வாங்கினாலும், ஃபிரேமுக்கான வாரண்டியோடு சீலுக்கான வாரண்டியையும் தனியாக எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக வரும் வெப்பத்தில் பெரும்பங்கு வெயிலோடு நேராக வருவது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் 600 வாட் வெயில் விழுந்தால், தெளிவான ஒற்றைக் கண்ணாடி சுமார் 480 வாட்டை உள்ளே விடும். தெளிவான இரட்டைக் கண்ணாடியும் 400 க்கு மேல் விடும். வித்தியாசம் சொற்பம். பகலில் புகுந்த அந்த வெப்பம் சுவரிலும் தரையிலும் தங்கி, இரவில் ஏசிக்குச் சுமையாகிறது. மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே நிழல் தரும் சன்ஷேடோ மூங்கில் திரையோ போடுவதும், வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள ஒற்றைக் கண்ணாடியைத் தேர்ந்தெடுப்பதும் இரட்டைக் கண்ணாடியைவிடக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும். திரை உள்ளே தொங்குவதைவிட வெளியே தொங்குவது நல்லது. உள்ளே தொங்கினால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டிருக்கும்.

சாலையோர அறையின் இரைச்சலை மின்கட்டணக் கணக்கோடு சேர்க்காதீர்கள். நிம்மதியான தூக்கத்துக்குச் செலவிடுவது நியாயமே. அதற்கு வருமானம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே தடிமனில் இரு மெல்லிய கண்ணாடிகள் கொண்ட மலிவான இரட்டைக் கண்ணாடி, வாகன ஓசையைத் தடுப்பதில் 6 மில்லிமீட்டர் லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய) ஒற்றைக் கண்ணாடியைவிடச் சிறந்தது என்று சொல்ல முடியாது. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கு இருந்தாலோ, ரப்பர் ஓரம் பொருந்தாத நகரும் கதவாக இருந்தாலோ, எந்தக் கண்ணாடி போட்டும் பயனில்லை. அந்த ஓர் அறைக்கு மட்டும் லேமினேட்டட் கண்ணாடியும், அழுந்தி மூடும் கீல் கதவும் கேளுங்கள்.

ஃபிரேம் வாங்கும்போது, பின்னாளில் இரட்டைக் கண்ணாடி பொருத்தும் அளவுக்கு அதன் பள்ளம் இருக்கிறதா என்று கேளுங்கள்; யுபிவிசி எனும் கடினப் பிளாஸ்டிக் ஃபிரேம்கள் பலவற்றில் கண்ணாடியைப் பிடிக்கும் பட்டியை மாற்றினாலே போதும். 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று சதுர மீட்டருக்கு 12.5 கிலோ, இரண்டு சேர்ந்தால் 25 கிலோ. அந்த எடையைத் தாங்கும் கீல்களை இப்போதே போட்டுவிட்டால், வீட்டுக் கடன் முடிந்து கையில் பணம் புரளும்போது ஃபிரேமைத் தொடாமல் கண்ணாடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இப்படித் திட்டமிட்டால் டாப்-அப் கடன் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். லேமினேட்டட் கண்ணாடிக்கும் சன்ஷேடுக்கும் கையிருப்பில் சிறிது குறைந்தால், ஏசி இல்லாத அறைகளின் ஜன்னல்களைத் தள்ளிப்போடுங்கள்.