எந்த எடையில் தொடங்குவது, எப்போது ஏற்றுவது?

கேள்வி: வயது 28, எடை 64 கிலோ. ஒரு வருடமாக மெஷின்களில் மட்டும் பயிற்சி. இனி வாரம் மூன்று நாள் பாரில் (எடை மாட்டும் நீண்ட கம்பி) ஸ்குவாட் (தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), பிரஸ் (மேலே தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்குவது) செய்யப்போகிறேன். எத்தனை கிலோவில் தொடங்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் ஜிம்மில் உள்ள பாரின் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15. மெல்லிய சாதாரண பார்கள் இதைவிடக் குறைவாகவே இருக்கும். பாரைப் பிடித்தபடி எடை மெஷினில் ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். இந்த எண் தெரியாவிட்டால், வேறு பாரை எடுக்கும் அன்றே நோட்டில் உள்ள கணக்கெல்லாம் பிசகிவிடும்.

மெஷினில் தள்ளிய எடையை இங்கே கொண்டுவர வேண்டாம். அங்கே பாதையை மெஷின் பிடித்துக்கொள்கிறது; இங்கே நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

ஸ்குவாட்டில் வெறும் பாரோடு ஐந்தைந்து தடவையாக இரண்டு செட் (சுற்று). பிறகு 5 கிலோ ஏற்றி ஐந்து, மேலும் 5 ஏற்றி ஐந்து. எந்த எடையில் ஐந்தாவது தடவை எழும்போது வேகம் குறைகிறதோ, முழங்கால் உள்ளே சாய்கிறதோ, அங்கே நிறுத்துங்கள். அதற்கு முந்தைய எடைதான் உங்கள் தொடக்கம். அதில் மூன்று செட் முடியுங்கள். அடுத்த பயிற்சியில் 2.5 கிலோ கூட்டுங்கள். ரொம்ப லேசாக இருக்கிறதே என்று தோன்றும். பரவாயில்லை. முதல் வாரத்தில் அவசரப்பட்டு ஏற்றியவர்கள்தான் நாலாவது வாரத்தில் சிக்கிக்கொள்கிறார்கள்.

டெட்லிஃப்ட்டுக்கு ஒரு செட் போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு: பெரிய பிளேட்டின் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) விட்டம் 45 செ.மீ. சிறிய பிளேட் போட்டால் பார் தரையை ஒட்டிக் கிடக்கும், குனியும்போது முதுகு வளைந்துவிடும். இருபுறமும் கீழே பிளேட்டுகளை அடுக்கி, பெரிய பிளேட் போட்டால் பார் இருக்கும் உயரத்துக்கு அதைக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: ஸ்குவாட் 70 கிலோவைத் தாண்டிவிட்டது. ஓவர்ஹெட் பிரஸ் மட்டும் 32.5-ல் மூன்று தடவை தோற்றுவிட்டேன். தோளில் குறையா?
– வாசகி, கோவை

பதில்: வலி இல்லையென்றால் தோளைச் சந்தேகிக்க வேண்டாம். 70 கிலோவுக்கு 2.5 என்பது மூன்றரை சதவீதம். 30 கிலோவுக்கு அதே 2.5 எட்டு சதவீதத்துக்கும் மேல். சின்னத் தசைகளிடம் பெரிய படியைக் கேட்கிறீர்கள்.

ஜிம்களில் பெரும்பாலும் கிடைக்கும் மிகச் சிறிய பிளேட் 1.25 கிலோ; இருபுறமும் ஒன்று போட்டாலே 2.5 ஆகிவிடுவதால் அதற்குக் குறைவாகத் தாவ முடிவதில்லை. அரைக் கிலோ பிளேட் இரண்டு ஜோடி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு இறங்கி 31, 32 என்று ஏறுங்கள். பிளேட் கிடைக்காவிட்டால் 30-லேயே நின்று மூன்று செட்டிலும் ஆறு, பிறகு ஏழு, பிறகு எட்டு தடவை வரை போய், அதன்பின் 32.5-ல் ஐந்துக்குத் திரும்புங்கள்.

நோட்டையும் ஒருமுறை பாருங்கள். மூன்று செட்டில் 5, 4, 3 தடவை என்று குறைந்திருந்தால் பெரும்பாலும் ஓய்வு போதவில்லை. செட்டுகளுக்கு இடையே மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் செட்டிலேயே நாலில் நின்றிருந்தால் எடைதான் அதிகம்.

கேள்வி: காய்ச்சலால் இரண்டு வாரம் போகவில்லை. பழைய எடையிலேயே தொடரலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். சாப்பாடும் தூக்கமும் பழையபடி ஆனபின், 10 முதல் 20 சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். டெங்கு என்றால் மருத்துவர் சொல்லும்வரை பாரைத் தொடாதீர்கள்.