தலைமையாசிரியர் சங்கத்தில் சேருவதால் என்ன பயன்? சுற்றறிக்கைகள்தான் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகின்றனவே?

சுற்றறிக்கைக்காக என்றால் சேர வேண்டாம். ஒரே செயல்முறைக் கடிதம் காலை எட்டு மணிக்குள் ஐந்து குழுக்களில் வந்து விழுகிறது. நான் சேர்ந்தது இரண்டு இரும்பு பீரோக்களால்.

கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் ஒரு கடலோர ஊர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் பதவி உயர்வில் போனேன். முன்னவர் ஓய்வு பெறும் நாள். மாலை, சால்வை, பிரியாணி. அந்தக் கூட்டத்துக்கு நடுவே பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை நீட்டினார்கள். உட்கார்ந்து வாசித்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத் தணிக்கை வந்தது. இருப்புப் பதிவேட்டில் பீரோ மூன்று, பள்ளியில் ஒன்று. பெஞ்சு நாற்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தேழு. எங்கள் கரையில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும் என்பது ஊருக்கே தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. துருப்பிடித்ததை யாரோ எப்போதோ அனுமதி வாங்காமல் எடைக்குப் போட்டிருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையது என்பதால் தொகையும் என் தலையில். தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையில் எழுப்பிய ஆட்சேபணை, தீராமல் கிடந்தால் ஓய்வு பெறும்போது ஓய்வூதியக் கோப்பை மறித்துக்கொண்டு நிற்கும் என்பது இன்னொரு பயம்.

சங்கத்தில் பொறுப்பில் இருந்த, தொண்டிப் பக்கத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் போனேன். பட்டியலைப் புரட்டிவிட்டு, “கையெழுத்துப் போடும்போது கடலைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா டீச்சர்?” என்றார். அதோடு விட்டுவிடவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, என்னோடு உட்கார்ந்து கரையான் தின்ற பதிவேடுகளைப் பிரித்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பழைய தீர்மானம் ஒன்றில் ‘பழுதான தளவாடங்கள் அப்புறப்படுத்தப்பட்டன’ என்று ஒரு வரி கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு விளக்கம் எழுதினோம். ‘காணாமல் போனது’ என்ற சொல் எங்கும் வரக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அப்படி எழுதினால் போலீஸ் புகார் எங்கே என்று அடுத்த கேள்வி வருமாம். தடை நீங்கப் பதினோரு மாதம் ஆனது. பெஞ்சுக்கு மட்டும் கொஞ்சம் கைக்காசு போட்டேன்.

நிர்வாகச் செய்திகளிலும் கடிதம் வந்துவிடும். அது நம்மை என்ன செய்யும் என்பதைத்தான் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 டிசம்பர் 21இல் வந்த அரசாணை 243ஐப் பாருங்கள். அதுவரை தொடக்கக் கல்வித் துறையில் முன்னுரிமை, அதாவது பதவி உயர்வுக்கான பணிமூப்பு வரிசை, ஒன்றிய அளவில். மண்டபம் ஒன்றியத்தில் சேர்ந்தவர் அங்கேயே தலைமையாசிரியராகி அங்கேயே ஓய்வும் பெறலாம். அதை மாநில அளவுக்கு மாற்றினார்கள். தங்கச்சிமடத்தில் கடன் வாங்கி வீடு கட்டியவர் பதவி உயர்வை ஏற்பதா வேண்டாமா என்பது அன்றோடு வேறு கணக்காகிவிட்டது.

2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் தகுதித் தேர்வு (டெட்) பற்றித் தீர்ப்புச் சொன்ன இரவு, எனக்கு வந்த குரல்பதிவுகளில் பாதி ‘எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்’ என்றன. தீர்ப்பு சொன்னதோ இது: எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும், அதற்கும் குறைவாக இருப்பவர்கள் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம், பதவி உயர்வுதான் கிடைக்காது. இதைப் பத்தி பத்தியாக வாசித்து, அவரவர் பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போட்டுச் சொன்னது சங்கக் கூட்டத்தில்தான்.

நீங்கள் கடலாடி ஒன்றியத்தில் நடுநிலைப் பள்ளிக்குப் போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சாயல்குடிப் பக்கம் என்றால் பதநீர்க் காலத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. வரவில்லையே என்று எமிஸில் (மாணவர் விவரங்களைப் பதியும் அரசின் இணையதளம்) காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டுப் போனவர்களின் பொதுப் பட்டியலுக்கு, தள்ளிவிடாதீர்கள். பதநீர் ஓய்ந்ததும் திரும்பி வரும். இதற்கெல்லாம் சுற்றறிக்கை கிடையாது, அங்கே பத்து வருடம் இருந்தவரைக் கேட்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. சங்கங்கள் எண்ணிக்கையில் அதிகம், பிளவுகள் அதைவிட அதிகம். ஒரு சங்கம் வாங்கிய ஆணைக்கு இன்னொரு சங்கம் தடை வாங்கும். சில சங்கங்கள் நாட்காட்டியும் பாராட்டு விழாவும் தவிர வேறெதுவும் செய்வதில்லை. வேலைநிறுத்தம் பற்றியும் யோசித்துக்கொள்ளுங்கள்: அரசு ஊழியருக்கு அந்த உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் ஆசிரியர்கள் வெளியே நிற்க, பள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நிற்பது என்று நான் தவித்தது தனிக் கதை.

எந்தச் சங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் ஒன்றியத்தில் கடைசியாக 17(ஆ) குறிப்பாணை (ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் கடிதம்) வாங்கியவர் யார், அவருக்கு விளக்கம் எழுதக் கூட உட்கார்ந்தவர் யார் என்று விசாரியுங்கள். அப்படி உட்கார்ந்தவர் இருக்கும் சங்கத்துக்குச் சந்தா கட்டுங்கள். ஒப்படைப்புப் பட்டியலில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால், நாளைக்கே பீரோக்களை எண்ணிவிடுங்கள்.