எதை முதலில் பார்ப்பது?

பக்க வடிவமைப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு மலரை நானே கணினியில் வடிவமைக்கிறேன். தலைப்புகளுக்கு ஐந்து வகை எழுத்துரு, சிவப்பு, நீலம், நிழல் என்று எல்லாம் கொடுத்தும் பக்கம் குழப்பமாகவே இருக்கிறது. ஏன்? (ஓர் ஆசிரியை, விருதுநகர்)

பதில்: எல்லாமே ஒரே சத்தத்தில் கூப்பிடுகின்றன, அதனால்தான். கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: வாசிப்பவர் கண் முதலில் எங்கே போக வேண்டும், அப்புறம் எங்கே? தலைப்பு, துணைத்தலைப்பு, உரை, படக்குறிப்பு என்று நான்கு படி போதும். ஐந்தாவது படி தேவைப்பட்டால் கட்டுரையையே இரண்டாகப் பிரிக்கச் சொல்வேன்.

ஆங்கிலத்தில் படிகளைக் காட்ட கேபிட்டல் எழுத்தும் சாய்வெழுத்தும் உண்டு. தமிழில் கேபிட்டல் கிடையாது. தமிழ்ச் சாய்வெழுத்தும் பெரும்பாலும் மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளியதுதான். ண, ஞ எல்லாம் கோணிப்போகும். ஆக, நம் கையில் இருப்பவை அளவு, தடிமன், வெற்றிடம் என்ற மூன்று. அவற்றை வைத்தே அழகான மலர் செய்யலாம்.

உரை 10 பாயின்ட் (எழுத்தளவுக்கான அலகு, 72 பாயின்ட் ஓர் அங்குலம்) என்றால் துணைத்தலைப்பு அதே எழுத்துருவில் 13 பாயின்ட் போல்டு, தலைப்பு 30. தலைப்பை 12, 14 என்று பயந்து பயந்து ஏற்றினால் வித்தியாசம் கண்ணில் படாது. துணைத்தலைப்புக்கு மேலே ஒரு வரி காலியாக விடுங்கள், கீழே விடாதீர்கள். எந்தப் பாராவுக்கு அது சொந்தம் என்பது அப்போதுதான் புரியும். முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருக்கள் மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை பல எடைகளில் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றை எடுத்து மலர் முழுவதையும் முடித்துவிடலாம். நிறமும் ஒன்று போதும். நிழலை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்: இ, ஞ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் அது புகுந்து அடைத்துக்கொள்கிறது. அந்த மலரைத் தாத்தா பாட்டிகளும் படிப்பார்கள்.

கேள்வி: ஏ4 அளவில் காலாண்டிதழ் தொடங்குகிறோம். கிரிட் எப்படிப் போடுவது? எத்தனை பத்தி வைக்கலாம்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கிரிட் என்பது எழுத்தும் படமும் எங்கே உட்கார வேண்டும் என்று பக்கத்தில் முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் கட்டக் கோடுகள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. இருபுறமும் 15 மி.மீ. மார்ஜின் போனால் மீதி 180. அதை மேலிருந்து கீழாக ஓடும் 6 பத்தியாகப் பிரித்து, நடுவே 6 மி.மீ. இடைவெளி விடுங்கள். ஒரு பத்தி சரியாக 25 மி.மீ. வரும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 56 மி.மீ. அகலத்தில் 3 பத்தி, மூன்று மூன்றாகச் சேர்த்தால் 87 மி.மீ. அகலத்தில் 2 பத்தி. துணுக்குகளுக்கு 3, கட்டுரைக்கு 2 என்று ஒரே கிரிட்டில் இரண்டும் முடியும்.

கட்டுரைக்கு நான் 3 பத்தி வைப்பதே இல்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம்’ என்ற ஒரே சொல் 56 மி.மீ. வரியில் பெரும்பகுதியை அடைத்துவிடும். இருபுறமும் சமப்படுத்தினால் மீதிச் சொற்களுக்கு நடுவே பொத்தல் பொத்தலாகத் தெரியும். குறுகிய பத்தியை இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு செய்யுங்கள். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால், புதிய வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது.

பலரும் விட்டுவிடுவது மேலிருந்து கீழான கணக்கு. எனக்கு அதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட் வரி உயரம் சாதாரணமாகப் போதும். தமிழில் மேல்வரியின் ‘மூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘கீ’ மேலே ஏறும்; இரண்டும் முட்டிக்கொள்ளும். நான் 15 வைக்கிறேன். பக்கத்துக்கு 48 வரி என்றால் 720 பாயின்ட், அதாவது 254 மி.மீ. தாள் உயரம் 297. மேலே 20, கீழே 23 மி.மீ. விட்டால் கச்சிதமாக உட்காரும். இனி எல்லாமே 15-இன் மடங்கு: 30 பாயின்ட் தலைப்புக்கு 3 வரி இடம், படத்தின் உயரமும் வரிக் கணக்கில். பக்கத்துப் பத்தியின் வரிகள் நேர்க்கோட்டில் வரும். மெல்லிய தாளில் பின்பக்க வரி முன்பக்க வரிக்கு நேர் பின்னால் விழுவதால், இடைவெளிகளில் மறுபக்க மை அவ்வளவாகத் தெரியாது.

கேள்வி: கட்டம் போட்டால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆகிவிடாதா? (கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஆகாது. கிரிட் பற்றி 1981-இல் கையேடு எழுதிய சுவிஸ் வடிவமைப்பாளர் யோசஃப் முல்லர்-புரோக்மன், சூரிச் டோன்ஹாலே இசையரங்குக்குச் செய்த சுவரொட்டிகளைத் தேடிப் பாருங்கள். 1955-இல் வந்த பீத்தோவன் சுவரொட்டியில் வளைவுகள் சுழன்று வெடிக்கின்றன. அத்தனையும் அளந்து வரைந்தவை. மேலே சொன்ன 48 வரியையே 6 வரி கொண்ட 7 கட்டமாக, நடுவே ஒவ்வொரு வரி விட்டுப் பிரிக்கலாம். 6 பத்தியோடு சேர்த்தால் பக்கத்துக்கு 42 கட்டம். ஒரு படத்துக்கு 20 கட்டம் கொடுங்கள், மேல் இரண்டு வரிசையைக் காலியாக விடுங்கள், அடுத்த பக்கத்தில் மாற்றுங்கள்.

கேள்வி: இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. (ஒரு வாசகி, சேலம்)

பதில்: உரையைத் தேர்ந்தெடுத்து, பாராகிராஃப் பேனலின் மெனுவில் ‘அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் காம்போசர்’ என்பதைச் சொடுக்குங்கள், சரியாகிவிடும். அதையே பாராகிராஃப் ஸ்டைலிலும் சேமித்துவிட்டால் ஒவ்வொரு பக்கமாக மாற்ற வேண்டியதில்லை.