நத்தைக்கும் வெண்டைக்காய்க்கும் என்ன குறை?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குக் கலிபோர்னியாவில் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தக் கல்லூரி அணிகளின் மாஸ்காட், அதாவது அடையாளச் சின்னம், ஒரு மஞ்சள் நத்தையாம், அதுவும் ஓடில்லாத நத்தை. என் அக்கா மகன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ.வில் படிக்கிறான், அங்கே வளாகத்திலேயே நிஜப் புலி இருக்கிறது. குடும்ப வாட்ஸாப் குழுவில் "உங்க நத்தை மைதானத்துக்கு வந்து சேர்ந்துச்சா?" என்று தினமும் கேட்கிறான். மகள் சிரித்துக்கொண்டு போய்விடுகிறாள், எனக்குத்தான் என்னவோ போலிருக்கிறது. இவ்வளவு பெரிய கல்லூரி ஏன் இப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டது?

(பெயர் வேண்டாம்), கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். அவளுக்குக் கிடைத்திருப்பது அமெரிக்கக் கல்லூரி மாஸ்காட்டுகளிலேயே ஆகச் சிறந்தது என்று நான் நினைக்கிறேன், ஏன் என்று சொல்கிறேன்.

அந்த நத்தையின் பெயர் பனானா ஸ்லக். பழுத்த வாழைப்பழ நிறத்தில், நன்றாக வளர்ந்தால் 25 செ.மீ. வரை நீளும். சாண்டா க்ரூஸ் வளாகமே ரெட்வுட் மரக் காட்டுக்குள்தான் இருக்கிறது, அந்த ஈரத்தில் காய்ந்த இலைகளைத் தின்று மண்ணாக்கிக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் ஊர்ந்து கொண்டிருக்கும். மாணவர்கள் அதைத் தங்கள் அணிகளின் செல்லப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் 1980களின் தொடக்கத்தில், அதிகாரபூர்வமாகப் போட்டிகளில் இறங்கும்போது, கௌரவமாக ஒன்று வேண்டும் என்று நிர்வாகம் 'கடல் சிங்கம்' என்று அறிவித்தது. மாணவர்கள் கேட்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் நத்தைக்கே கூவினார்கள். வாக்கெடுப்பு வைத்தார்கள், நத்தை அமோகமாக வென்றது, பல்கலைக்கழகத் தலைவர் அப்போதும் உடனே மசியவில்லை. கடைசியில் 1986இல் அவரும் இறங்கி வந்தார். உங்கள் அக்கா மகனிடம் சொல்லுங்கள், இந்த நத்தை ஒரு சிங்கத்தைத் தேர்தலில் தோற்கடித்து வந்த நத்தை.

சரி, புலிக்கு வருவோம். எல்.எஸ்.யூ. புலிகள். ஆபர்னும் புலிகள். மிசூரியும் புலிகள். மூன்றும் ஒரே லீக்கில் விளையாடுகின்றன! இந்த லீக்குக்கு வெளியே க்ளெம்சன் புலிகள், பிரின்ஸ்டன் புலிகள், மெம்பிஸ் புலிகள். எல்.எஸ்.யூ.வும் ஆபர்னும் மோதினால் "புலி ஜெயித்தது" என்று ஆட்டம் தொடங்கும் முன்பே செய்தி எழுதி வைத்துவிடலாம். இதில் எந்தப் புலியும் அந்த ஊர்க் காட்டில் பிறந்ததும் இல்லை. ஒரு பெயரைக் கேட்டதும் ஊர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மாஸ்காட்டுக்கு நான் வைக்கும் பரீட்சை இதுதான். அதில் புலி பெயில், நத்தை முதல் வகுப்பு.

எல்.எஸ்.யூ.வின் மைக்கைக் குறை சொல்லவில்லை. 1936இலிருந்து மைக் என்ற பெயரில் ஒன்றன் பின் ஒன்றாக அங்கே புலி வளர்க்கிறார்கள், நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் ஆட்ட நாளில் கூண்டில் வைத்து மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள், 2017இல் வந்த ஏழாவது மைக்கிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. லட்சம் பேர் கத்தும் இடத்தில் ஒரு புலிக்கு என்ன வேலை?

உயிருள்ள மிருகத்தை மாஸ்காட்டாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் பீவோவைவிட நல்ல கதை கிடையாது. நீளக் கொம்பு மாடு அது. முதல் பீவோ வந்தது 1916இல். சில மாதங்களில் எதிரிக் கல்லூரியான டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் ஆட்கள் இரவோடு இரவாகப் புகுந்து, தாங்கள் முன்பு ஜெயித்த 13-0 என்ற கணக்கை அதன் விலாவில் சூடு போட்டுவிட்டுப் போனார்கள். தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று 1920இல் அந்த மாட்டையே அடித்து விருந்து வைத்தார்கள், அந்த விருந்துக்கு ஏ அண்ட் எம் ஆட்களையும் கூப்பிட்டு, அவர்கள் சூடு போட்ட பக்கத்தை அவர்களுக்கே பரிமாறினார்கள். பாவம் அந்த மாடு. அதன் வாரிசு பதினைந்தாவது பீவோ, 2019 ஜனவரி 1 அன்று ஆட்டத்துக்கு முன் தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் புல்டாக் நாய் ஊகா மேல் பாய்ந்தது. ஊகாவை நொடியில் இழுத்துக்கொண்டார்கள், யாருக்கும் பெரிய காயமில்லை. அன்று ஆட்டத்திலும் டெக்ஸாஸ்தான் ஜெயித்தது, 28-21.

கடற்படைக் கல்லூரியின் மாஸ்காட்டான ஆட்டை வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மாணவர்கள் 1953இல் முதன்முதலாகத் திருடினார்கள், பிறகும் பலமுறை திருடியிருக்கிறார்கள். போருக்கு முன் ஆநிரை கவர்வது நம் வெட்சித்திணை, மீட்பது கரந்தை. வெஸ்ட் பாயிண்டில் யாரும் புறத்திணை படித்திருக்க மாட்டார்கள், ஆனாலும் வரிசை தப்பாமல் செய்கிறார்கள்.

எனக்கு இதைவிட உடை போட்டுக்கொண்டு ஆடும் மாஸ்காட்டுகளைத்தான் பிடிக்கும். மிசிசிப்பியில் டெல்டா ஸ்டேட் என்று ஒரு பல்கலைக்கழகம். அதிகாரபூர்வப் பெயர் ஸ்டேட்ஸ்மென், அதாவது அரசியல் பெரியவர்கள். இந்தப் பெயரைக் கேட்டு எந்த எதிரணி பயப்படும்? அதனால் மாணவர்கள் தாங்களாக ஒன்றைக் கொண்டு வந்தார்கள்: சண்டைக்கார வெண்டைக்காய். பச்சை உடம்பு, முறைக்கும் முகம், கையில் குத்துச்சண்டை உறை. தெற்கு மாநிலங்களில் வெண்டைக்காய் வீட்டுக்கு வீடு சமைக்கிற காய், ஆகவே என் பரீட்சையில் இதுவும் தேறிவிடுகிறது. நம் வீட்டில் வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பார்கள், அங்கே குத்து வரும் போலிருக்கிறது. அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் கம்யூனிட்டி காலேஜில் இன்னொரு காய், ஆர்ட்டிசோக். 1970களின் தொடக்கத்தில் நிர்வாகம் விளையாட்டுக்குப் பணத்தைக் கொட்டுகிறது என்ற கோபத்தில் மாணவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. கோபம் தீர்ந்துவிட்டது, காய் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பழங்குடியினரைக் கேலிச்சித்திரமாக்கிய பழைய மாஸ்காட்டை, அந்தச் சமூகத்து மாணவர்களே எழுந்து கேட்டதால், 1972இல் கைவிட்டார்கள். மிகச் சரியான முடிவு. ஒரு மனிதக் கூட்டத்தின் முகத்தை இன்னொரு கூட்டம் வேடம் கட்டி ஆடுவதில் சிரிக்க ஒன்றுமில்லை. இப்போது அணிகளின் பெயர் கார்டினல், அதே பெயருள்ள பறவை இல்லை, வெறும் சிவப்பு நிறம்! நிறம் எப்படி ஆடும்? அதனால் 1975இலிருந்து அவர்களின் பாண்டு வாத்தியக் குழுவின் மரம்தான் ஆடுகிறது. மரமாகத் தேர்வாகிறவர் தன் உடையைத் தானே செய்ய வேண்டும் என்பதால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒவ்வொரு முழி.

மரம், காய் எல்லாம் வீரத்துக்கு ஆகுமா என்று உங்கள் அக்கா மகன் கேட்பான். சோழனுக்குப் புலி இருந்தது, சரி. ஆனால் போருக்குப் போகும்போது அவன் சூடியது ஆத்திப் பூ. சேரன் பனம்பூ, பாண்டியன் வேப்பம்பூ.

மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ஆமையைப் பற்றி ஒரு வரி. டெஸ்டூடோ என்று பெயர், வெண்கலச் சிலை. மாணவர்கள் அதன் மூக்கைத் தடவித் தடவிப் பளபளப்பாக்கிவிட்டார்கள், பரீட்சை நேரத்தில் காலடியில் தின்பண்டமும் இன்னும் என்னென்னவோ படையல் வைக்கிறார்கள். அரசமரத்தடிப் பிள்ளையாரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் பார்த்தால் மனசு நிறைகிறது.

மகளுக்கு ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். பனானா ஸ்லக்கை நக்கினால் நாக்கு மரத்துப் போகும். உண்மைதான், அதன் வழவழப்பில் அப்படி ஒரு பொருள் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களை நக்கிப் பார்க்கச் சொல்லி யாராவது சீண்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடட்டும், பாவம் அந்த நத்தைக்கும் தொந்தரவு. முதல் விடுமுறைக்கு வரும்போது நத்தை போட்ட மஞ்சள் டி-ஷர்ட் இரண்டு வாங்கி வரச் சொல்லுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அந்த லூசியானா அண்ணனுக்கு.

அன்புடன்.