முதல் மணி அடிக்கும்போது நான் பேசின் பிரிட்ஜில்

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து போய்ப் படிக்கும் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் அரக்கோணத்திலிருந்து தினமும் 69 கிலோமீட்டர் வந்து படித்தவள். பிறகு 31 வருடம், அப்படி வரும் பிள்ளைகளுக்கே வரலாறு நடத்தினேன்.

கேள்வி: திருவாலங்காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னையில் ஓர் அரசுக் கல்லூரிக்குப் போய், பி.ஏ. வரலாறு முதல் வருடம் படிக்கிறேன். எட்டரைக்கு முதல் மணி. எங்கள் ஊரிலிருந்து ஸ்டேஷனுக்கு முதல் ஷேர் ஆட்டோ கிளம்புவதே ஆறேகாலுக்குத்தான். முதல் மணி அடிக்கும்போது என் வண்டி பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றுகொண்டிருக்கும். சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலைப் பிடித்து வகுப்புக்குப் போனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் வண்டிக்கு ஓடுகிறேன். ஐந்து மாதமாகிறது, ஒரு தோழி கூட இல்லை. இது என் கல்லூரி என்றே தோன்றவில்லை. தொலைதூரக் கல்விக்கு மாறிவிடலாமா மேடம்?
- மாணவி, பெயர் வேண்டாம்

பதில்: மாறாதே கண்ணு.

முதலில் பணக் கணக்கு. நீ ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்று கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறாய். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உனக்கு வரும். வரவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில் உடனே கேள். தபாலில் படிப்பவர்களுக்கு அந்தப் பணம் கிடையாது. வீட்டில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் மற்றதைப் பேசு.

அடுத்தது அட்டெண்டன்ஸ். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு ஐந்து வகுப்பு. தினமும் முதல் வகுப்பைத் தவறவிட்டாலே 18 நாள் கணக்கு போய்விடுகிறது. தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும். அதாவது 90 நாளில் உனக்கு விடுமுறை என்று இருப்பதே இருபத்திரண்டரை நாள்தான். காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் மிஞ்சுவது நாலரை நாள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, ஷேர் ஆட்டோ நேரத்தையும் எழுதி, துறைத் தலைவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடு. வகுப்பு வாசலில் நின்று சொல்லாதே, அங்கே யாருக்கும் காது கேட்காது. துறை அறையில், மதிய நேரத்தில், உட்காரச் சொன்ன பிறகு சொல். நான் வேலையில் இருந்தவரை அப்படி ஒரு தாளோடு வந்த பிள்ளையை ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. முதல் வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்கும் டே ஆர்டரில், அதாவது கால அட்டவணையில், மாற்றிக்கொள்ள வழி உண்டு. யார் வருகிறார்கள், எங்கிருந்து வருகிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உன் உண்மையான கேள்விக்கு வருகிறேன். தூரத்தால் வந்த கஷ்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வகுப்பு முடிந்ததும் நீ ஓடிவிடுகிறாய் என்பதுதான் என் மனதில் நிற்கிறது.

நானும் ஓடினேன். 1983-இல் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். பறக்கும் ரயில் அப்போது கிடையாது, அது 1995-இல்தான் வந்தது. முதல் ஆறு மாதம் என் வகுப்பில் இருந்தவர்கள் பெயர்கூட முழுதாகத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் லேடீஸ் பெட்டியில் வந்த பூக்காரம்மாக்கள்தான். கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வண்டி ஆடும் ஆட்டத்திலும் கை பிசகாமல் மல்லி கட்டுவார்கள். வாழைநாரை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் கீழே உட்கார்ந்து, முட்டிமேல் நோட்டு வைத்து எழுதுவேன். வியாசர்பாடி தாண்டித் தண்டவாளம் பிரிகிற இடத்தில் என் எழுத்து ஒரு தடவை துள்ளும். இன்றைக்கும் அந்த நோட்டைத் திறந்தால் எந்த வரி எந்த இடத்தில் எழுதியது என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் மதியம் சென்ட்ரலுக்கு வந்தால் மின்கம்பி அறுந்து எல்லா வண்டியும் நின்றுவிட்டது. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். ஸ்டேஷனில் உட்காரப் பிடிக்காமல் திரும்பச் சேப்பாக்கத்துக்கே போனேன். பல்கலைக்கழக நூலகத்தில், ஜன்னலை ஒட்டிய மேசையில், கடல் காற்றில் சும்மா உட்கார்ந்திருந்தேன். நூலக உதவியாளர் ஒருவர் வந்து, “என்னம்மா தேடுறே?” என்றார். ஒன்றும் தேடவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, “சோழர் செப்பேடு சார்” என்றேன். பத்து நிமிடம் கழித்து, பைண்டு உதிர்கிற பெரிய புத்தகம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். எதிர்மேசையில் என் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். “நீ கிளாஸ்ல பேசவே மாட்டியே, இதெல்லாம் படிப்பியா?” என்றாள். அவள்தான் இன்றுவரை என் தோழி. மறுநாளிலிருந்து ஒரு வண்டி விட்டு அடுத்த வண்டியில் போக ஆரம்பித்தேன். வீட்டில் முதல் வாரம் திட்டினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

நீயும் வாரத்தில் இரண்டு நாள் ஒரு வண்டியை விட்டுப் பார். சாப்பாட்டை வண்டியில் தின்னாதே, கல்லூரியில் உட்கார்ந்து சாப்பிடு. தயிர் சாதம் மதியத்துக்குள் புளிக்கிறது என்றால், அம்மாவைப் பால் ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு கரண்டி தயிர் விடச் சொல், பன்னிரண்டு மணிக்கு மேல் சரியாக இருக்கும். டப்பா கழுவும் குழாயடியில் நிற்கிற பிள்ளைகள் யார் என்று பார். விடுதிப் பிள்ளைகள் சாப்பிட அறைக்குப் போய்விடுவார்கள். குழாயடியில் நிற்பது கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டு, திருவள்ளூர் என்று உன்னைப் போல் வந்து போகிறவர்கள்தான்.

உட்கார ஒரு காரணம் வேண்டுமே என்று நீ கேட்கலாம். அதற்கு உன் ஊரே போதும். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று பாடத்தில் ஒரு வரி வந்திருக்கும், கடந்து போயிருப்பாய். 1905-இல் கிடைத்தவை, 31 ஏடுகள். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் பழையனூரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. நீ ஷேர் ஆட்டோவில் கடக்கிற அதே பழையனூர். ஊரைத் தானம் கொடுக்கும்போது பெண் யானையை நடக்கவிட்டு எல்லை குறிப்பது சோழர் கால வழக்கம். ‘பிடி சூழ்ந்து’ என்று செப்பேடுகள் சொல்லும். தமிழ்ப் பகுதியில் ஏரி, வாய்க்கால் என்று எல்லைகள் நீளமாக வரும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் மூன்றாம் தொகுதி வேண்டும் என்று நூலகத்தில் கேள். அதில் வரும் எந்த ஏரிக்கு இன்றைக்கும் அதே பெயர் இருக்கிறது என்று உன் பாட்டியிடம் விசாரித்து ஒரு பக்கம் எழுது. அந்தப் பக்கத்தை உன் வகுப்பில் வேறு யாராலும் எழுத முடியாது. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு.

கேள்வி: மகள் பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறாள். பெண் பிள்ளைகளுக்கு ரயில் சீசன் டிக்கெட் இலவசம் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் அதெல்லாம் கிடையாது என்கிறார். எது உண்மை?
- ஒரு தந்தை, கும்மிடிப்பூண்டி

பதில்: இலவசம்தான் ஐயா. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே, இரண்டாம் வகுப்பு மாத சீசன், பெண்களுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை இலவசம். பையன்களுக்கு 12-ம் வகுப்பு வரைதான். கல்லூரிப் பையன்களுக்குப் பாதிக் கட்டணம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் கால் பங்கு. கல்லூரி அலுவலகத்தில் சலுகைப் படிவம் வாங்கி, முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் போட்டு டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும். பல கல்லூரிகளில் இந்தப் படிவம் இருப்பதை யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. மூன்று வருடமும் காசு கொடுத்துப் போய்விட்டு, கடைசி நாளில் தெரிந்துகொண்டு என்னிடம் வந்து அழுத பெண்ணைப் பார்த்திருக்கிறேன். சீசன் முடிய பத்து நாள் இருக்கும்போதே புதுப்பித்துக்கொள்ளலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு எப்படியும் டிக்கெட் இல்லை, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: நான் செகண்ட் ஷிஃப்ட். காலையில் ஒரு குடோனில் பேக்கிங் வேலை, பதினொன்றுக்கு விட்டுவிடுவார்கள். ஒன்றரைக்குத்தான் வகுப்பு. நடுவில் உட்கார்ந்து படிக்க இடமில்லை. முதல் ஷிஃப்ட் முடியும்வரை கல்லூரிக்குள் விடமாட்டேன் என்கிறார்கள்.
- மாணவர், எண்ணூர்

பதில்: எழும்பூரில் கன்னிமாரா நூலகம் இருக்கிறது தம்பி, 1896-இலிருந்து திறந்திருக்கிற வாசல். உன் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க வேண்டுமென்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு, பறக்கும் ரயிலிலேயே போகலாம். அது ஒருபுறம். கல்லூரிக்குள்ளேயே உனக்கு நிழலும் பெஞ்சும் கிடைக்க வேண்டும். அது உன் உரிமை. இரண்டாம் ஷிஃப்ட் பிள்ளைகள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு, வாசலை ஒட்டி ஓர் அறை கேட்டு எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகன் பட்டாபிராமிலிருந்து போய் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறான். உள்ளே இடம் இருந்தாலும் படியில்தான் தொங்குகிறானாம். ‘ரூட்டு’ என்கிறான், ‘ரூட்டு தல’ என்கிறான், கல்லூரிப் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு போகிறார்களாம். போன வாரம் சட்டை கிழிந்து வந்தான். கேட்டால் வாய் திறக்கவில்லை. படிப்பை நிறுத்திவிடட்டுமா அம்மா?
- ஒரு தாய்

பதில்: நிறுத்தாதீர்கள். ஒரே வழியில் வந்து போகும் கல்லூரிப் பையன்கள் கூட்டத்தைத்தான் ‘ரூட்டு’ என்கிறார்கள், அதன் தலைவன் ‘ரூட்டு தல’. நிறுத்தினாலும் அந்த ரூட்டு அவனை விடாது, வேலை இல்லாமல் அதே ஸ்டேஷனில் போய் நிற்பான்.

ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மேலே எழுதிய திருவாலங்காட்டுப் பெண்ணுக்கும் உங்கள் மகனுக்கும் ஒரே குறைதான். கல்லூரியில் உட்கார இடமில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. அவள் தனியாக அழுதாள். இவனுக்கு ரயில் ஒரு கூட்டத்தைக் கொடுத்தது. முதல் நாள் பயந்துகொண்டு வந்த பையனை, “எந்த ஊருடா? வா, நம்ம ரூட்டு” என்று தோளில் கை போட்டுக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தக் கைக்காகத்தான் தொங்குகிறான். கானா பாட்டும் தாளமும் எனக்குப் பிடிக்கும். அவற்றில் தவறில்லை. இன்னொரு கல்லூரிப் பையனைப் பார்த்ததும் எதிரி என்று கை ஓங்குவதுதான் தவறு. அவனும் இதே போல் எங்கிருந்தோ வந்து போகிற ஏழை வீட்டுப் பிள்ளை.

சட்டத்தையும் சொல்லுங்கள். படியில் பயணம் செய்தால் ரயில்வே சட்டம் 156-ம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அடிதடி வழக்கு அதைவிடப் பெரியது. அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் விசாரணை வரும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன். வில்லிவாக்கம் தாண்டி, வெளியே சாய்ந்தவன் கம்பத்தில் அடிபட்டுவிட்டான். திருத்துவதற்காக வாங்கியிருந்த அவன் அசைன்மென்ட் நோட்டு என் மேசையில் இருந்தது. காக்கி அட்டை போட்டு, மேலே வண்ணப் பேனாவில் தன் பெயரை இரண்டு முறை எழுதியிருந்தான். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு வருடம் வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள் அவன் அப்பா வந்தார். டீச்சர், மார்க் போட்டுக் கொடுங்க என்றார். அவர் எதிரிலேயே முழுதும் படித்து, பத்துக்கு எட்டு போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். இதை உங்கள் மகனிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

சட்டை எப்படிக் கிழிந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவனோடு வண்டி ஏறும் நாலு பையன்களையும் இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள். குழம்பு வைத்து வயிறாரப் போடுங்கள். போகும்போது நாலு பேரின் அம்மா போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, அன்று சாயங்காலமே நாலு பேருக்கும் பேசிவிடுங்கள்.