கால்குலஸ் எடுக்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் புரிந்தது இது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளங்கலைக்கு வந்திருக்கிறீர்கள். முதன்மைப் பாடம் பொருளாதாரமா உயிரியலா என்று இன்னும் முடிவாகவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் கணிதம் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறீர்கள். "கால்குலஸ் (நுண்கணிதம்) எடுத்தால் மதிப்பெண் சராசரி விழுந்துவிடும், புள்ளியியலோடு நிறுத்திக்கொள்" என்று அறைத்தோழர் பயமுறுத்துகிறார். "பள்ளியில் படித்ததுதானே, முதல் கால்குலஸை விட்டுவிட்டு நேரே இரண்டாவதில் போய் உட்கார்" என்று உறவினர் உசுப்பேற்றுகிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். முதல் கால்குலஸை எடுங்கள்.

உறவினர் சொல்கிறபடி செய்து பார்த்தவன் நான். இருபது ஆண்டுக்கு மேலாகிறது, ஆனாலும் அந்தச் சிறு தேர்வின் தாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாவது கால்குலஸ் வகுப்பு, இரண்டாம் வாரம். பழைய பாடம் நினைவிருக்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்த தேர்வு. முதல் கேள்வி ஏறத்தாழ இப்படி இருந்தது: ஒரு கோப்பையில் உள்ள வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது. நேரத்தைப் பொறுத்து அதன் வெப்பநிலையின் வகைக்கெழு, ஐந்தாவது நிமிடத்தில் மைனஸ் 3. இதன் பொருளை அலகுகளோடு ஒரே வாக்கியத்தில் எழுதுக.

சூத்திரம் எங்கே என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. சைனையும் அடுக்குக்குறியையும் பெருக்கிக் கொடுத்திருந்தால் அரை நிமிடத்தில் வகையிட்டுக் கொடுத்திருப்பேன். பள்ளியில் அப்படி நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். இதற்கு என்ன எழுதுவது? "ஐந்து நிமிடத்தில் வெப்பநிலை 3 பாகை குறைந்தது" என்று எழுதினேன். ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று கிடைத்தது. அந்த ஒன்றும் "குறைந்தது" என்ற சொல்லுக்காக என்று நினைக்கிறேன். எழுதியிருக்க வேண்டியது: "ஐந்தாவது நிமிடத்தை எட்டும் அந்தக் கணத்தில் வெப்பநிலை நிமிடத்துக்கு 3 பாகை வீதம் குறைந்துகொண்டிருக்கிறது." மொத்தமாக எவ்வளவு குறைந்தது என்பது வேறு, அந்தக் கணத்தில் எந்த வேகத்தில் குறைகிறது என்பது வேறு. இந்த வித்தியாசம்தான் முதல் கால்குலஸ் முழுவதும். எனக்கு விதிகள் எல்லாம் தெரியும், இது தெரியாது.

பயந்துபோய், பாதிப் பருவத்தில் வகுப்பிலிருந்து விலகிவிடலாம் என்று கிளம்பினேன். என் பாட ஆலோசகர்தான் தடுத்தார். மாணவர் விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்தின் அளவையும் குறிக்கும் எண்) படித்தாக வேண்டும். நான் எடுத்திருந்தது 13. கால்குலஸ் 4 கிரெடிட். விலகினால் மிஞ்சுவது 9. முன்கூட்டியே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் ஒப்புதல் வாங்காமல் 12-க்குக் கீழே இறங்கினால் விசா நிலையே பறிபோகலாம். கணக்குப் பாடத்தில் இந்தக் கழித்தல் கணக்கைத்தான் நான் போட்டுப் பார்க்கவில்லை. வகுப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து 'சி' வாங்கி வெளியே வந்தேன். ஆகவே முதல் பருவத்தில் 16 கிரெடிட் அளவுக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு பாடம் கை நழுவினாலும் 12-க்குக் கீழே போகாத அளவுக்கு இடம் இருக்கட்டும். பருவம் தொடங்கிய முதல் ஓரிரு வாரத்துக்குள் ஒரு பாடத்தை விட்டால் மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு விலகினால் 'டபிள்யூ' என்ற எழுத்து விழும். சராசரியில் அது சேராது, பட்டியலில் மட்டும் நிற்கும். இந்தத் தேதிகள் பல்கலைக்கழகத்தின் கல்வி நாட்காட்டியில் இருக்கும். இன்றே குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் அறைத்தோழரின் பயம். அது முழுக்கப் பொய்யில்லை, ஆனால் தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். பின்னாளில் மூன்று ஆண்டு கணித உதவி மையத்தில் டியூட்டராக வேலை பார்த்தேன். கால்குலஸில் தோற்றுப்போய் வந்தவர்களில் பெரும்பாலோர் கால்குலஸில் தோற்கவில்லை. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் தோற்றார்கள்.

ஒரே ஓர் உதாரணம். (அ + ஆ)² என்பதை அ² + ஆ² என்று எழுதுகிறவர்கள் எவ்வளவு பேர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவசரத்தில் நல்ல மாணவர்களே எழுதுவார்கள். ஒரு சதுரத்தின் பக்கம் 3, பரப்பு 9. பக்கத்தை 3.1 ஆக்கினால் பரப்பு 9.61. பரப்பில் கூடியது 0.61, அதைப் பக்கத்தில் கூடிய 0.1-ஆல் வகுத்தால் 6.1. பக்கத்தை 3.01 ஆக்கினால் அதே கணக்கு 6.01 தரும். கூட்டலை இன்னும் சிறிதாக்கிக்கொண்டே போனால் விடை 6-ஐ நெருங்கும். வகைக்கெழு என்பது அதுதான். இப்போது அந்தத் தவற்றைச் செய்து பாருங்கள். 3.1-இன் வர்க்கம் 9.01 என்று வரும். வகுத்தால் 0.1. அடுத்த முறை 0.01. கடைசியில் பூச்சியம். பக்கம் வளர்ந்தாலும் சதுரத்தின் பரப்பு அசைவதே இல்லை என்று மாணவர் நிரூபித்துவிட்டார்! "எனக்குக் கால்குலஸ் வராது" என்று சொல்லிக்கொண்டு அவர் எழுந்து போவார். போனது நடுவில் வரவேண்டிய 2அஆ என்ற ஒரு பெருக்கல் உறுப்பு, அவ்வளவுதான். பின்னங்கள், அடுக்குக்குறி விதிகள், மடக்கை, கால்குலேட்டர் இல்லாமல் 30, 45, 60 பாகைகளின் சைன், கொசைன் மதிப்புகள்: இவற்றை வகுப்பு தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். கால்குலஸ் புத்தகத்தைத் தொட வேண்டாம்.

எந்த நிலைக் கணித வகுப்பில் உங்களைச் சேர்ப்பது என்று பார்க்க, பல்கலைக்கழகம் பிளேஸ்மென்ட் தேர்வு ஒன்று வைக்கும். பல இடங்களில் அதை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம், கண்காணிக்க ஆள் இருக்காது. யார் உதவியும் இல்லாமல் எழுதுங்கள். பிரீ-கால்குலஸ் (கால்குலஸுக்கு முந்தைய ஆயத்தப் பாடம்) எடு என்று முடிவு வந்தால் வெட்கப்படாமல் எடுங்கள். ஏமாற்றி ஒரு படி மேலே போய் உட்காருகிறவர்களைத்தான் நான் உதவி மையத்தில் அக்டோபர் மாதம் பார்ப்பேன்.

எந்தக் கால்குலஸ் என்பதையும் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் வணிக மாணவர்களுக்கென்று ஒரு கால்குலஸ் உண்டு. அது இலகு, முக்கோணவியல் அநேகமாக இருக்காது. ஆனால் அது பெரும்பாலும் ஒருவழிப் பாதை. அதை முடித்துவிட்டு இரண்டாவது கால்குலஸுக்குப் போக விடமாட்டார்கள். முதன்மைப் பாடமே முடிவாகாத நீங்கள் அந்தப் பாதையில் ஏற வேண்டாம். பொருளாதாரத்துக்குப் போனால் இறுதிநிலைச் செலவு, இறுதிநிலைப் பயன்பாடு என்று வருவதெல்லாம் வகைக்கெழுதான். அதிலேயே முதுகலை, முனைவர் பட்டம் என்று ஆசை வந்தால் பல மாறிகளின் கால்குலஸும் நேரியல் இயற்கணிதமும் கேட்பார்கள். உயிரியலில் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் பெருகும் வேகம் அப்போதிருக்கும் எண்ணிக்கையைப் பொறுத்தது என்று ஆசிரியர் சொன்ன மறு நிமிடம் பலகையில் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு நிற்கும். புள்ளியியல் நல்ல பாடம், அதையும் எடுங்கள். முதல் புள்ளியியல் வகுப்புக்குக் கால்குலஸ் வேண்டாம். அடுத்த நிலையில், தொடர்ச்சியான மாறிகளின் நிகழ்தகவு என்று வந்ததும் தொகையீடு இல்லாமல் ஓரடி நகராது.

தமிழ் வழியில் படித்தது குறையாகுமோ என்று கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். சொற்கள் இரண்டு, மூன்று வாரம் படுத்தும். சார்பு என்றது ஃபங்ஷன், எல்லை என்றது லிமிட், தொகையீடு என்றது இன்டெக்ரல். இவை பழகிவிடும். குழப்புவது வேறு வகை. நாம் தொடுகோடு என்று தனிப்பெயர் வைத்திருக்கிறோம். இங்கே அதுவும் டேன்ஜென்ட், முக்கோணவியல் விகிதமும் டேன்ஜென்ட். கோணத்தின் பாகையும் டிகிரி, பல்லுறுப்புக்கோவையின் படியும் டிகிரி, நீங்கள் வாங்க வந்திருக்கும் பட்டமும் டிகிரி! ஒரு நோட்டில் இரண்டு மொழிச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். முதலில் கருத்தைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதுங்கள். அந்த வெந்நீர்க் கேள்விக்கு நான் தமிழிலேயே பதில் யோசித்திருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பேன்.

எல்லை பற்றிய முதல் பாடங்கள் புகைமூட்டமாக இருக்கும். அதற்காகப் பாடத்தை விட்டுவிடாதீர்கள். கால்குலஸை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் வகையிடல் விதிகளை அச்சில் வெளியிட்டது 1684-இல். எல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்துப் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி பாடநூல் எழுதியது 1821-இல். மேதைகளே ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்ட வேலையை வகுப்பில் மூன்று வாரத்தில் முடிக்கிறார்கள். பிடிபடாவிட்டால் பேராசிரியரின் ஆபீஸ் அவர்ஸுக்குப் போங்கள். அது உங்களுக்கென்றே ஒதுக்கிய நேரம். தொந்தரவு கொடுக்கிறோமோ என்ற நம் ஊர்த் தயக்கம் அங்கே தேவையில்லை. நான் முதல் ஆண்டில் ஒருமுறைகூடப் போகவில்லை. 'சி'-க்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் பருவத்திலேயே ஆய்வக வகுப்புள்ள வேதியியலும் வாரம் ஒரு கட்டுரை கேட்கும் ஆங்கில வகுப்பும் சேர்ந்து வருகிறதென்றால், கால்குலஸை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளுங்கள். அதற்கு மேல் தள்ள வேண்டாம். பள்ளிக் கணிதம் ஓராண்டில் துருப்பிடித்துவிடும்.

பிளேஸ்மென்ட் தேர்வு எழுதியதும் எந்தக் கேள்விகளில் இடறினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மொத்த மதிப்பெண் வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும்.